நிப்பாட்டிச்சாமியும் பத்தொன்பது கார்களும்

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு, ஏலமேட்டில் இருந்த பத்தொன்பது புதுக் கார்களும் தாமாகவே புறப்பட்டுக் கோயிலுக்கு வந்தன. வீட்டு வாசலில் நின்ற கார் வாசலிலிருந்து வந்தது, ஏலக்காய்க் கடை முன்னால் நின்ற கார் கடை முன்னாலிருந்து வந்தது, மருந்துக்கடைக்காரர் காரை நிறுத்திவிட்டுச் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்ததால் அவரும் தூக்கத்தோடு வந்தார். கதவுகள் பூட்டிக்கொண்டன, கண்ணாடிகள் ஏறிக்கொண்டன, ஸ்டியரிங் தானாகத் திரும்பியது, பிரேக்கை மிதித்தவர்களுக்கு அது பஞ்சுத் தலையணை மாதிரி அமுங்கியது. தேர் போகிற வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, ஊரின் கீழ்க்கோடியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் கோயிலுக்கு வந்து வரிசையாக நின்று, மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டு, மூன்றரை மணிக்குத் திரும்பி அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் இரண்டு பேர் மயங்கியிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும், கோயில் முன்னால் கதவு திறந்துகொண்டபோது எழுந்து, வந்தது வந்தாச்சு என்று விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு போனார்.

அந்த விபூதியைக் கொடுத்தவன் நான். பெயர் சுருளிவேல், நிப்பாட்டிச்சாமிக்கு முப்பத்தோரு வருஷமாகப் பூசாரி. இந்தக் கதையில் தப்புச் செய்தவன் யார் என்று யாரும் தேடி அலைய வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சாமிக்கு வேலை ஒன்றுதான். வண்டியை நிப்பாட்டுவது. ஏலமேட்டிலிருந்து அடிவாரம் போகப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. இறங்குகிற வண்டி சாமி முன்னால் நின்று பிரேக்கை ஒரு தரம் மிதித்துப் பார்த்து, திருநீறு வாங்கி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு இறங்கும். ஏறி வருகிற வண்டி நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, புகையும் தணிந்து ஆளும் தணிந்து ஊருக்குள் போகும். பிள்ளை வரம் கேட்டால் எங்கள் சாமி கொடுக்காது, மழை கேட்டாலும் கொடுக்காது. சாமி வந்தால் ஆடுவதும் கிடையாது. எனக்கு அருள் வந்தால் இரண்டு காலும் தரையில் ஆணி அடித்தது போல நின்றுவிடும், நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் அசையாது. அசையாமல் நிற்கிற சாமி என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும், மலைப்பாதையில் அதுதான் பெரிய அருள்.

ஏலக்காய் விலை ஏறிய வருஷத்தில் ஊரில் ஜீப்புகளை விற்றுவிட்டு எல்லாரும் கார் வாங்கினார்கள். பெரிய பெரிய கார்கள், உள்ளே டிவி மாதிரி திரை, சாவியைத் திருகுகிற வேலை இல்லை, பொத்தானை அமுக்கினால் போதும், பின்னால் மாடு நின்றால் அதுவே கூவிச் சொல்லும். அந்தக் கார்களுக்கு ரேடியேட்டர் கொதிப்பதில்லை, பிரேக் காய்வதில்லை, அதனால் கோயிலில் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணாடியை இறக்காமலே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு நான் ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். ஒரு மனுஷனுக்கு முன்னால் நாள் முழுக்க வண்டி நிற்காமல் போனால் அவனுக்குள் என்னவோ கெட்டுப்போகிறது, அது எனக்குக் கெட்டுப்போனது.

அப்போதுதான் ஒரு வழக்கத்தை நானே உண்டாக்கினேன். புது வண்டிக்குப் பூசை போடும்போது, முதல் சாவி சொந்தக்காரனுக்கு, இரண்டாம் சாவி சாமிக்கு என்று சொன்னேன். பரம்பரை வழக்கம் என்றும் கூசாமல் சொன்னேன். இப்போது வருகிற சாவி சாவி மாதிரியே இல்லை, கறுப்பாகத் தீப்பெட்டி அளவில் இருக்கிறது. அதை சாமியின் வேலுக்குப் பக்கத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். வருஷம் ஒரு தடவையாவது அதற்கு மாலை போட வருவார்களே என்கிற ஆசைதான். பத்தொன்பது குடும்பமும் மறுபேச்சில்லாமல் கொடுத்தது. ஒச்சம்மா ஒருத்திதான் கொடுக்கவில்லை. அவளுடைய ஜீப்புக்கு முதல் சாவியே கிடையாது, அதை ஸ்க்ரூ டிரைவரால் கிளப்புவாள்.

ஒச்சம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் போனபிறகு அவன் ஜீப்பை எடுத்து எஸ்டேட் பெண்களை ஏற்றி இறக்குகிறாள். அவள் வண்டியில் மூடிய கதவு இல்லை, பாட்டுப் பெட்டி இல்லை, ஓடுகிறவரைக்கும் சத்தம் மட்டும் குறைவில்லாமல் இருக்கும். அவள் ஒருத்திதான் தினமும் இரண்டு தடவை கோயிலில் நிற்பாள், பிரேக் காய்ந்துவிடுவதால். "சாமி, இன்னைக்கும் புடிச்சிருச்சுய்யா" என்று கும்பிட்டுவிட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தொன்பது காரும் வந்து நின்றபோது ஊர் மொத்தமும் ஓடிவந்து என் காலில் விழுந்தது. சாமி கூப்பிட்டுவிட்டது, மறந்து போனவர்களை சாமியே கூப்பிட்டுவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். என் சம்பந்தி மொக்கராசு, ஊரில் முதல் கார் வாங்கியவர், தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன். என் கால் இரண்டும் லேசாக இருந்தன. வேண்டுமானால் ஓடலாம், குதிக்கலாம், அவ்வளவு லேசு. சாமி அங்கே இல்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நிப்பாட்டுகிற சாமி எதற்காக வண்டியைக் கிளப்பும்? ஆனால் எவ்வளவோ வருஷம் கழித்து என் முன்னால் இத்தனை வண்டி நிற்கிறது, இத்தனை தலை குனிகிறது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. விபூதியைக் கொடுத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் கார்கள் கோயிலைத் தாண்டி முதல் வளைவு வரை போய் நின்று திரும்பின. அதற்கடுத்த நாள் இரண்டாம் வளைவு. அதற்குள் ஊர் இதைப் பழகிக்கொண்டது. எங்கள் ஊருக்கு எதையும் பழகிக்கொள்ள இரண்டு நாள் போதும். பள்ளிக்கூட மணி இரண்டே முக்காலுக்கு அடித்தது, மூன்று மணி பஸ் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் ஒதுங்கியது. கார்களுக்கு மாலை வந்தது, வாழைக்கன்று வந்தது, அடிவாரத்திலிருந்து மேளம் வந்தது. சாமி கூப்பிட்டு வெறும் வண்டி போனால் மரியாதை இல்லை என்று மொக்கராசு சொல்ல, வீட்டுக்கு ஓர் ஆள் கட்டாயம் உட்கார வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. குளித்து, ஈரத்தலையோடு, மடியில் தேங்காய் வைத்து உட்கார்ந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை வீட்டில் மூணு மணிக்குப் போகிற வண்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். பழைய சின்னக் கார் வைத்திருந்த தையல்காரர் ஒருவருடைய வண்டியை யாரும் கூப்பிடவில்லை. அந்த அவமானத்தில் அவர் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் கொல்லைவழியாக நடமாடினார்.

நான்காம் நாள் கார் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். இளவயது, கண்ணாடி போட்டவர், மடிக்கணினியை மொக்கராசின் காருக்குள் செருகி, ஒரு மணி நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது.

"ஐயா, இந்த வண்டியில பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல கம்பி கெடையாது. நீங்க மிதிச்சா அது ஒரு கம்ப்யூட்டருக்குத் தகவலாப் போகும், அது சொன்னாத்தான் சக்கரம் நிக்கும். அந்தக் கம்ப்யூட்டர இப்ப வேற யாரோ கையில வச்சிருக்காங்க."

"யாரு?" என்றார் மொக்கராசு.

"தெரியல. ஒருத்தனா, ஒன்பது பேரான்னுகூடத் தெரியல. எந்த நாட்டுல உக்காந்திருக்கான்னும் தெரியல."

"எதுக்குச் செய்றான்?"

"அதுவும் தெரியல. எவ்வளவு தூரம் கூப்பிட்டா வரும்னு பாக்கிறானோ என்னமோ."

கூட்டம் சிரித்தது. இன்ஜினியர் சிரிக்கவில்லை. கோயிலுக்குள் எட்டிப் பார்த்தவர் கம்பியில் தொங்கிய சாவிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "ரெண்டாவது சாவியெல்லாம் ஒரே எடத்துல மாட்டி வச்சது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார். நான் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சாவிகள் பேசாமல் தொங்குவதில்லை, இருபத்து நாலு மணி நேரமும் தன் வண்டியின் பெயரைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒருவன் ஒரு பெட்டியோடு ஒரு நாள் உட்கார்ந்தால் அத்தனை பெயரையும் எழுதிக்கொண்டு போய்விடலாம் என்றார். மார்கழியில் ஓர் ஆள் பையோடு வந்து மண்டபத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். பொங்கல் கொடுத்தேன். நல்லா இருக்கு சாமி என்று இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றான்.

எல்லா வண்டியிலும் பேட்டரியைக் கழற்றுங்கள் என்று இன்ஜினியர் கெஞ்சினார். சாமி கூப்பிடுகிற வண்டிக்கு வயிற்றைக் கிழிப்பதா என்று நாலு பேர் கையை ஓங்கினார்கள். ஒரு தேங்காய் மூடியும் பழமும் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஏறும்போது அவர் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க பெரியவரே" என்றார். நான் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாளைக்கு, நாளைக்கு என்று மூன்றாம் வளைவு போனது, நான்காம் வளைவு போனது, ஐந்தும் ஆறும் ஏழும் போயின. ஒன்பதாம் வளைவில் ஐப்பசி மழைக்குத் தடுப்புச்சுவர் இடிந்து பள்ளத்துக்குப் போய்விட்டது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சுவர் இருந்த இடத்தில் நாலு காலித் தார் டிரம்மை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்கப்பால் கீழே ஆறு கொலுசு மாதிரி தெரியும், அவ்வளவு ஆழம். ஒன்பதாம் நாள் புதன்கிழமை விடியற்காலையில் எழுந்து பத்தொன்பது சாவியையும் கழற்றி, பித்தளைக் குடத்தில் போட்டு மூடி, கொண்டுபோய் ஊருணியில் இறக்கினேன். மூன்று மணி ஆயிற்று. மாலை போட்ட கார்கள் மேளத்தோடு எட்டாம் வளைவுக்குப் போய்விட்டு வந்தன. சாவி இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. முதல் தடவையாகச் சில பேர் முகத்தில் பயம் இருந்தது. மருந்துக்கடைக்காரர்தான் கேட்டார்.

"நாளைக்கு ஒன்பதாம் வளைவு. அங்க செவரு இல்ல. பூசாரி, நீ ஒரு வார்த்த சொல்லு. சாமி நிப்பாட்டுமா?"

அத்தனை கண்ணும் என் மேல். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒன்பது நாளாக எதற்கு விபூதி கொடுத்தாய் என்று கேட்பார்கள். நான் விபூதியை அள்ளிக் கையை உயர்த்தினேன்.

"நிப்பாட்டும்" என்றேன்.

மொக்கராசுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "நிப்பாட்டிச்சாமி நிப்பாட்டாம வேற எவன் நிப்பாட்டுவான்? நாளைக்கு மொத வண்டி என் வண்டி. அதுல பூசாரி மகதான் உக்காரணும். என் மருமக கௌமாரி உக்காருவா!" என்று கத்தினார். கூட்டம் குலவை போட்டது. கௌமாரி எனக்கு ஒரே பிள்ளை.

வியாழக்கிழமை காலையில் அவள் வீட்டுக்கு ஓடினேன். மருமகன் எஸ்டேட்டில் இருந்தார். அவள் முன்வாசலில் உட்கார்ந்து காருக்கு மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ போகாத தாயி."

"ஏன்ப்பா?"

"வெயிலு."

"உள்ள ஏசி இருக்குப்பா" என்று சிரித்தாள். "பயப்படுறியா? நீதான சொன்ன, சாமி நிப்பாட்டும்னு. நீ சொன்னதுக்கப்புறம் எனக்கென்ன பயம்?"

இதைக் கேட்ட பிறகும் நான் சொல்லவில்லை. என் மகள் என்னை நம்பிய அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய்க்காரன் ஆவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. என்னைப் போல ஒரு கோழையை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஒச்சம்மா ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் வெளியே வந்து முகத்தைத் துடைத்தாள்.

"இத ஊருக்குச் சொல்லுண்ணே."

"வாய் வரல ஆத்தா."

"சொன்னா செருப்பால அடிப்பாய்ங்க. வாங்கிக்க. பிள்ளையக் காட்டிலும் ஒனக்கு மூஞ்சி பெருசா?"

நான் அழுதேன். அவள் காறித் துப்பிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டாள். "பேச்சுக்குத்தான் ஒனக்கு வாயில்ல. கட்ட போட கையாவது இருக்கா? ஏறு" என்றாள். மலை ஜீப்பில் எப்போதும் இரண்டு மரக்கட்டை இருக்கும், சக்கரம் நகராமல் அண்டக் கொடுக்க. அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

மணி மூன்று. கார்கள் கிளம்பின. ஒச்சம்மா கோயில் முனையில் காத்திருந்து, முதல் காருக்கு முன்னால் ஜீப்பைக் கொண்டுபோய் விட்டாள். ஜீப் கரும்புகை கக்கியது, பின்னால் வெள்ளைக் கார் மல்லிகைச் சரம் ஆட வந்தது, கண்ணாடிக்குள் பட்டுப்புடவையில் என் மகள். நான் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டி, இறங்கு, இறங்கு, சாமி இல்லை, நான் சொன்னது பொய் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒன்பது நாளாக வராத வார்த்தை அப்போது வந்தது. ஆனால் மேளம் அடித்தது, ஜீப் இரைந்தது, பூட்டிய கண்ணாடிக்குள் ஒரு சொல்லும் போகவில்லை. அப்பா சாமியை வேண்டிக் கத்துகிறார் என்று நினைத்து அவள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைவுகள் இறங்கின. எட்டாம் வளைவில் மேளக்காரர்கள் நின்றுவிட்டார்கள். ஊர் ஜனம் மேட்டுப்பாறையில் ஏறி நின்று பார்த்தது. ஒச்சம்மா கியரைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள், கடைசியில் சுமை இழுக்கிற லோ கியரில் போட்டாள். முதல் கார் வந்து ஜீப்பின் முதுகில் முட்டியது. ஜீப் ஓர் உலுக்கு உலுக்கிக்கொண்டு தாங்கியது. கார் நிற்கவில்லை, தள்ளியது. அதற்குப் பின்னால் இரண்டாம் கார், அதற்குப் பின்னால் மூன்றாவது, மாலையும் வாழைக்கன்றுமாகப் பத்தொன்பது காரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தள்ளின. ஒச்சம்மா சீட்டை விட்டு எழுந்து முழு எடையையும் பிரேக்கில் போட்டு நின்றாள். "போடுண்ணே கட்டைய!" என்றாள்.

குதித்து முன்சக்கரத்துக்குக் கட்டையை வைத்தேன். கட்டையும் ஜீப்பும் சேர்ந்து நகர்ந்தன. தார் டிரம்முக்கு இருபதடி. டயர் கருகிய நாற்றம். பதினைந்தடி. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் இப்போதுதான் பள்ளத்தைப் பார்த்தார்கள், கண்ணாடிகளுக்குள் வாய்கள் திறந்தன, தேங்காயால் கண்ணாடியை அடித்தார்கள். பத்தடி. நான் கட்டைக்கு முன்னால் கல்லை உருட்டிப் போட்டேன், கல்லுக்கு முன்னால் என் காலை முட்டுக் கொடுத்தேன். கௌமாரி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்திருந்தாள். அவள் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறடி. ஒரு டிரம் உருண்டு விழுந்தது, அது அடியில் போய்ச் சேருகிற சத்தம் வர எத்தனையோ நேரம் ஆனது. "மணி என்னண்ணே? மணி என்ன?" என்று ஒச்சம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் கடிகாரம் இல்லை.

நாலடியில் மூன்றரை ஆயிற்று. பத்தொன்பது இன்ஜினும் ஒரே மூச்சில் அடங்கின. கதவுகள் திறந்துகொண்டன.

ஜனம் பாறையிலிருந்து இறங்கி ஓடிவந்தது. ஓடிவந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? என் காலில் விழத்தான். "நிப்பாட்டிருச்சு! சாமி நிப்பாட்டிருச்சு!" என்று மொக்கராசு என்னைத் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்தார். ஒச்சம்மா பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் ஜீப்புக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள், அவளை ஒருவரும் பார்க்கவில்லை. கௌமாரி மட்டும் அவளிடம் போய், அந்தக் காலைக் கையால் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் வந்தாள்.

"முன்னாடி நின்னு என்னமோ கத்துனியேப்பா. என்ன கத்துன?"

இப்போது மேளம் இல்லை, கண்ணாடி இல்லை.

"சாமி கூப்பிடலன்னு கத்துனேன்" என்றேன். "சாமி ஒரு நாளும் கூப்பிடல. மொத நாளே எனக்குத் தெரியும். ரெண்டாஞ் சாவி வழக்கமும் நான் கட்டிவிட்டதுதான். யாரும் நிக்காமப் போனீங்க, எனக்குப் பொறுக்கல."

யாராவது அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் அடிக்கவில்லை. ஒவ்வொருவராக நெற்றி விபூதியைத் துடைத்தார்கள். கார்களை அங்கேயே போட்டுவிட்டு மலையேறி நடந்தார்கள். இருட்டுவதற்குள் மெக்கானிக்குகள் வந்து பத்தொன்பது வண்டியிலும் பேட்டரியைக் கழற்றி, அவற்றைக் கயிறு கட்டி இழுத்து ஊருக்குக் கொண்டுபோய்க் கோயில் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். கௌமாரி என்னைத் தாண்டிப் போனவள் ஏழாம் வளைவில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு அந்த வண்டியில நீ ஏறுப்பா" என்றாள்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அது நியாயம். மறுநாள் வெள்ளிக்கிழமை, மூன்றாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நான் மைதானத்துக்குப் போய் வெள்ளைக் காரில் ஏறி உட்கார்ந்தேன். ஊர் சுற்றி நின்று பார்த்தது. பேட்டரி இல்லாத வண்டி, கிழவன் சும்மா உட்கார்ந்து எழுந்து போவான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். மொக்கராசு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். மல்லிகைச் சரம் வாடி நாறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஒரு நிமிஷம் இருந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. பேட்டரி கழற்றிய வண்டியில், கம்பி அறுந்து தொங்குகிற வண்டியில், பச்சை வெளிச்சம் வந்தது. சீட் லேசாக அதிர்ந்தது. கண்ணாடி ஏறத் தொடங்கியது. நான் அசையவில்லை, இது எனக்கு வர வேண்டியதுதான் என்று இருந்தேன். கதவு பூட்டுகிறதற்கு முந்தின நொடி யாரோ அதைப் பிடுங்கித் திறந்தார்கள். கௌமாரி மூச்சு வாங்க நின்றாள்.

"எறங்குப்பா."

"நீதான தாயி ஏறச் சொன்ன?"

"நான் சொன்னா? கூப்பிட்டது சாமி இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே எதுக்குப்பா ஏறுற? எறங்கு!"

என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் மண்ணில் விழுந்தேன், கதவு என் செருப்பைக் கடித்துக்கொண்டு பூட்டிக்கொண்டது. பத்தொன்பது காரும் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பின. ஊர்க்கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக வெறும் வண்டிகள். வழக்கத்தை உடைக்கிறோமே என்று பதறி இரண்டு பேர் முன்னால் ஓடினார்கள், மருந்துக்கடைக்காரர் அவர்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கார்கள் கோயிலைத் தாண்டின. இந்தத் தடவை தேர் வேகம் இல்லை. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வளைவில் மறைந்தன, கீழே மறுபடி தெரிந்தன, மறுபடி மறைந்தன. கௌமாரி என் கையை நொறுங்குகிற மாதிரி பிடித்திருந்தாள்.

அப்புறம் சத்தம் வந்தது. முதலில் டிரம்கள், அடுத்து மொக்கராசின் வெள்ளை வண்டி. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. ஊர் மொத்தமும் ரோட்டோரம் நின்று மூச்சுவிடாமல் கேட்டது. சில சத்தத்துக்கு நடுவே ஹாரன் நீளமாக ஒலித்துச் சட்டென்று நின்றது. மொக்கராசு மடங்கி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தேன், இரண்டு கை விரலும் முடிந்து மறுபடி முதல் விரலிலிருந்து எண்ணினேன்.

மலை அடங்கியது.

"எத்தனைப்பா?" என்றாள் கௌமாரி.

"பத்தொன்பது."

"ஆளு?"

"ஒருத்தரும் இல்ல தாயி."

அவள் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையில் அழுததுபோல, வாய்விட்டு அழுதாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.